ஊரறிந்த ரகசியம்

அலுவலகம் விட்டதும் ராஜாமணி சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அமர்ந்து, இணையத்தில் இலவசமாக ஆடும் ரகசிய எண் விளையாட்டில் மூழ்கிவிடுவார். அவர் மறைக்கும் நான்கு இலக்க எண் கடலூர் செம்மண்டலத்துக் கூட்டாளி எழிலனுக்கு மட்டுமே தெரியும். எதிராளி அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இறுதிச் சுற்றில் எதிராளி காத்தவராயன் முதல் முயற்சியிலேயே 1045 என்று உடைத்துவிட்டார்.

ராஜாமணி போனில் வெடித்தார். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே மச்சான்!"

"சத்தியமா நான் சொல்லல மச்சான்!"

"இனிமே எம் மூஞ்சில முழிக்காத!"

ஆற்றாமையில் எதிராளிக்கே தட்டச்சு செய்தார்: "எழிலன்தானே சொன்னான்?"

"யாரும் சொல்லலீங்க. தினமும் காலண்டர்ல போட்ட நல்ல நேரத்தத்தானே நம்பரா வெக்கறீங்க? எங்க மங்கலம்பேட்டை வீட்டுலயும் காலண்டர் இருக்குதுங்க!"

ராஜாமணி நேரம் எதுவும் பாராமல் கடலூர் பஸ் ஏறி, எழிலனின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"மன்னிச்சிடு மச்சான். இனிமே நம்பர நீயே வை. எனக்குக்கூடச் சொல்லாத."