சிவகரன் ஆன்லைனில் இருக்கிறான்

“இந்தக் கேப்டனை மொதல்ல தூக்கணும். இல்லாட்டி அடுத்த கப்புலயும் மூட்டையைக் கட்டிக்கிட்டு வர வேண்டியதுதான்.”

சிவகரன் பெயரில் இந்த வரி திரையில் விழுந்ததுதான் தாமதம், பதுளையிலிருந்து கிஷாந்தும் வத்தளையிலிருந்து தனுஷனும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“ஆரம்பிச்சுட்டான்டா! மொதல்ல துப்பாக்கியை எடு மச்சான், கேப்டனை அப்புறம் தூக்கலாம்!”

அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில், காதில் ஹெட்செட்டோடு ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுதியது அவள்தான். எழுத வேண்டிய மகன் சிவகரன், போன ஐப்பசி மழையில் டிக்கோயா வளைவில் பைக் சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பைத்தியக்காரத்தனம்தான், யார் இல்லை என்றது? காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் போனைத் துடைத்து வைக்க எடுத்தவள், “எங்கடா போய்த் தொலஞ்ச, மச்சான்?” என்று வந்து கிடந்ததைப் பார்த்துவிட்டாள். செத்துப்போனான் என்று எழுத விரல் வரவில்லை. “வர்றேன்டா” என்று எழுதிவிட்டாள்.

அந்தப் பையன்கள் அவனை நேரில் பார்த்ததே கிடையாது. இந்தச் சுடுகிற விளையாட்டில் சேர்ந்த சிநேகிதம். மைக் உடைந்துவிட்டது என்று அவள் சொன்ன பொய்யை அவர்கள் கிளறியதே இல்லை. அவளை ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு அவர்களே சுட்டுக்கொள்வார்கள்.

மகன் இருந்த காலத்தில் அந்த ஹெட்செட்டையும் மீறிக்கொண்டு வண்டி வண்டியாகக் கெட்ட வார்த்தை வெளியே வரும். இப்போது மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. என் மகனுக்கு வாய்த்த பிள்ளைகள் என்று ராசம்மாவுக்கு ஒரே பெருமை.

மகனின் அபிப்பிராயங்கள் அவளுக்கு மனப்பாடம். கிரிக்கெட், கரண்டு பில், காணி, யூனியன் என்று எதைக் கேட்டாலும் பயலிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். இப்போது அதெல்லாம் தானாகவே அவள் விரலுக்கு வருகிறது. அவன்தான் உள்ளே உட்கார்ந்து எழுதுகிறானோ என்று சில நேரம் அவளுக்கே மேல் சிலிர்க்கும்.

வீரய்யாவுக்கு இது தெரியக் கூடாது. புருஷன் பெக்டரிக்கு இரவு வேலைக்குக் கிளம்பிய பிறகுதான், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து போனை எடுப்பாள். மகன் பேரை அந்த மனுஷன் வாயால் சொல்லியே மாதக்கணக்காகிறது.

கடைசி நாளன்று அப்பனும் மகனும் யூனியன் விஷயத்தில் கை நீட்டாத குறை. “ஒங்க யூனியன்காரன் ஒங்களையே வித்துத் தின்னுட்டான்!” என்று இவன் கத்த, “இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத!” என்று அவர் கத்த, பைக்கை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

அன்றிலிருந்து அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறார். பகலெல்லாம் படுத்துத்தான் கிடக்கிறார், ஆனால் கண்ணைப் பார்த்தால் தூங்கினவர் மாதிரியே இல்லை. இவரையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவளை விடவே இல்லை.

இன்று பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து போனை எடுத்தபோது கையில் சுட்டது. பேட்டரி பழசு என்று விட்டுவிட்டாள்.

கேப்டன் கதை முடிந்ததும் அடுத்ததைத் தட்டினாள். “வீடு கட்ட பத்து பேர்ச் காணி தர்றேங்கிறதெல்லாம் எலக்சன் வரைக்கும்தான். எங்கப்பா மாதிரி ஆளுங்க நம்பிக்கிட்டு யூனியனுக்கு சந்தா கட்டட்டும்.”

“என்ன மச்சான் நீ?” தனுஷன் சிரித்தான். “இப்பத்தான அப்பா மேல கோவமே இல்லன்னு எழுதின? அதுக்குள்ள மறுபடியும் அப்பாவா?”

“தனு! வாய மூடுடா!” கிஷாந்த் பதறினான்.

ராசம்மா அப்படி எதுவும் எழுதவில்லையே. நேற்று விளையாட்டை மூடி வைத்தவள், அதற்குப் பிறகு போனைத் தொடவே இல்லையே! மூடினால் பழைய எழுத்தெல்லாம் அழிந்துவிடும். இன்று மூடாமல் கிடந்திருக்கிறது.

விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். இருந்தது. சிவகரன் பெயரிலேயே இருந்தது.

“அப்பா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அது அவருக்குத் தெரிஞ்சா போதும்.”

தகரத்தில் மழை கொட்டியது. காம்பராவுக்குள் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது, திரும்பிப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, பார்க்க வேண்டும்போலவும் இருந்தது. வந்துட்டானே என் புள்ள! அப்பனை மன்னிச்சுட்டானே!

இதை மட்டும் அந்த மனுஷனிடம் காட்டிவிட்டால் போதும், நாளைக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். ஆனால் வந்தது அவன்தான் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டாமா? கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தப் பையன்கள் போய்விடுவார்கள், அவர்களோடு அவனும் போய்விடுவான்.

போனால் போகட்டும். ராசம்மா முதல் தடவையாக மைக்கை அமுக்கினாள்.

“சாமி... நீயாடா வந்துட்டுப் போற? அம்மாடா. ஒரு வார்த்த பேசுய்யா.”

சுடுகிற சத்தம் நின்றது. அப்புறம் கிஷாந்தின் குரல் மெதுவாக, உடைந்துபோய் வந்தது.

“அம்மா... அப்பா இப்பதான் எழுதிட்டு வேலைக்குப் போனாருங்க.”