ஏரிக்குப் போகிற வழி

"என் பின்னாலேயே ஏன்டி வர்றே? வீட்டுக்குப் போ!"

பியாகி நடையைக் குறைக்காமலே அதட்டினாள். ஸிர்லியானியின் பெரியம்மா மகள். ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவள் முதுகில் தூங்கி வளர்ந்தவர்கள். இப்போதும் முதுகில் போர்வையால் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை.

"நீ எங்கக்கா போறே?" என்றாள் ஸிர்லியானி.

"மலைக்கு அந்தப் பக்கம். ரி ஏரிக்கு."

மூங்கில் காடெங்கும் மூடுபனி. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. எப்போது வீட்டை விட்டுக் கிளம்பினோம் என்று ஸிர்லியானிக்கு நினைவில்லை. வெறுங்கால், ஆனால் கல் குத்தவில்லை. பயமாக இருந்தது. எங்கோ ஒரு பிள்ளை விடாமல் அழுதது. பெற்றவளுக்கு அந்தக் குரல் தெரியாதா?

"என் மகன்க்கா. நாலு மாசம்தான் ஆகுது. பசி தாங்க மாட்டான்."

"பால் குடுக்கிறவ ஊர் சுத்த வந்துட்டா பாரு! போடி!"

"போறேன். உச்சி வரைக்கும் அந்த மூட்டையைக் குடு, நான் தூக்கறேன்."

"வேணாம். நீ தூக்கினது போதும்."

உச்சியில் உருவங்கள் செதுக்கிய நினைவுக் கற்கள் நின்றன. ஈட்டி பிடித்த ஆண்கள், கைகோத்த பெண்கள், காட்டெருமைத் தலைகள். கற்களின் அடியில் வெள்ளைப் பூக்கள். ஸிர்லியானி ஒன்றைப் பறிக்கக் குனிந்தாள். பியாகி பட்டென்று அவள் கையில் அடித்தாள்.

"தொடாதே! அதைக் காதுல வச்சவங்க வீட்டைத் திரும்பியே பார்க்க மாட்டாங்க. மறந்துட்டியா?"

பியாகியின் காதில் அந்தப் பூ இருந்தது. அவளைப் புதைத்து மூன்று வருடமாகிறது என்பதும், ரி ஏரி செத்தவர்கள் கடந்துபோகிற ஏரி என்பதும் அப்போதுதான் ஸிர்லியானிக்கு உறைத்தன.

"அக்கா... நான் செத்துட்டேனா?"

"இன்னும் இல்ல. ஓடு!"

பியாகி ஒரே ஒரு பூவைப் பறித்துக்கொண்டு மறுபக்கம் இறங்கினாள். ஸிர்லியானி விழுந்தடித்து ஓடினாள். பாதி வழியில் அழுகை நின்றது. அப்பன் தூக்கிக்கொண்டான் போல. அப்பாடா என்றிருந்தது.

கண் விழித்தபோது கணவன் லியன்கிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பிழைச்சுட்டே! ரெண்டு பேருக்கும் மூணு நாளா அனலாக் கொதிச்சுதே!"

"பையன்?"

"இப்பத்தான் அழுகையை நிறுத்தினான். ஜுரம் விட்டிருக்கும், பக்கத்துலதான் தூங்கறான் பாரு."

கை நீட்டித் தொட்டாள். சில்லென்றிருந்தது. அந்தக் குட்டிக் காதில் ஒரு வெள்ளைப் பூ.