கடைசி வரிசை மேசை

சட்டசபையின் கடைசி வரிசையில் ஒரு தேக்கு மேசை இருந்தது. அவையில் தீர்மானம் வந்தால் உறுப்பினர்கள் மேசையைத் தட்டி ஆதரிப்பார்கள். அப்போது கணீரென்று ஒலிப்பதில் அந்த மேசைக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்று வாசித்த தீர்மானமோ மேசைகளைப் பற்றியதாகவே இருந்தது. மர மேசைகளையெல்லாம் உடைத்து விறகாக்கிவிட்டு, இரும்பு மேசைகள் போட வேண்டுமாம்.

"தம்பி, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்" என்று தன்மேல் இருந்த மைக்கிடம் கெஞ்சியது.

"நல்லா சொன்னீங்க அண்ணே! சபாநாயகர் திறந்துவிட்டாத்தான் எனக்கு வாய். நீங்க எல்லாரும் சத்தம் போடாம இருந்து பாருங்களேன். ஆதரவு இல்லைன்னு தள்ளிவச்சிடுவாரு."

வரிசை வரிசையாகச் சேதி போயிற்று. எவ்வளவு அடித்தாலும் ஒலிப்பதில்லை என்று எல்லா மேசைகளும் சத்தியம் செய்தன.

மேசைகளைத் தட்டக் கைகள் உயர்ந்தன. அப்போதுதான் கடைசி வரிசை மேசைக்கு அந்தப் பயம் வந்தது. மற்றவை ஒலித்து, தான் மட்டும் ஊமையாக இருந்துவிட்டால்? உளுத்துப்போனது என்று முதலில் தன்னையல்லவா தூக்குவார்கள்?

கை விழுந்தது. மேசை உயிரையெல்லாம் திரட்டி ஒலித்தது. அந்த அவை அதுவரை கேட்டிராத முழக்கம் நாலாபக்கமும் எழுந்தது.

"தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்றார் சபாநாயகர்.

"எல்லாரும் சத்தியம் பண்ணீங்களே, அண்ணே?" என்றது மைக்.

அதற்குள் அடுத்த தீர்மானத்தை வாசித்து முடித்திருந்தார்கள். மறுபடியும் உயரும் கையைப் பார்த்தபடி மேசை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது, முன்னைவிடப் பலமாக ஒலிக்க.