நாற்பது வயதுக் குரல்கள்

காலை பத்தேகால். மருத்துவமனை வாசலில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கத்தின. ஆணாகப் பிறந்து தன்னைப் பெண் என்று சொல்லும் பிள்ளைகளுக்குப் பருவ வளர்ச்சியை நிறுத்தும் ஊசி வேண்டும் என்றது ஒன்று, கூடாது என்றது மற்றது.

உள்ளே கில்பர்ட்டின் முன்னால் இரண்டு தொலைபேசிகள் இருந்தன. ஊசி போட்டால் தன் பிள்ளை ஜெரின் நாற்பது வயதில் யாராக இருக்கும் என்பதை ஒன்றில் கேட்கலாம். போடாவிட்டால் யார் என்பதை மற்றதில். கேட்டபின் ஜெரின்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற எதிர்காலம் அழிந்துவிடும்.

ஊசி வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.

ஊசி போட்டதில் முதலில் ஒரு பெண் பேசினாள். "என்னப்பா, இன்னைக்கும் சவரம் பண்ணாமலா வந்திய?"

அடுத்ததில் ஓர் ஆண். "ஆஸ்பத்திரி டீயக் குடிச்சுத் தொலைக்காதியப்பா."

இருவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். இன்னும் பிறக்காத காலத்திலிருந்து இரண்டு பேர் அவரை அப்பா என்று கூப்பிட்டார்கள். கில்பர்ட் எழுந்து நின்றுவிட்டார்.

பதின்மூன்று வயது ஜெரின் இரண்டையும் நெடுநேரம் கேட்டது. பிறகு பெண்ணின் தொலைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"அந்த அண்ணன் நல்லவருதாம்பா. ஆனா அது நான் இல்ல."

"அந்த இன்னொரு போனை வெச்சிடுங்க சார்" என்றார் அருகில் நின்ற டாக்டர்.

கில்பர்ட் வைக்கவில்லை. காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான் அழியப்போறது தெரியும்ப்பா" என்றது ஆண் குரல். "கோவம் வந்தா அவ சாப்பிடாமப் படுத்துருவா. எழுப்பி ஊட்டி விடுங்க."

கில்பர்ட் ஜெரினைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, லைன்ல இருக்கியளா?"