ஃபிலிம் ரோல் டப்பா

"நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்!"

கல்யாணராமன் லேப் ரிப்போர்ட்டை ஆட்டிய வேகத்தில் தட்டிலிருந்த அப்பளம் பறந்தது.

பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலம்மா எழுந்து வந்து நின்றாள். ஏழு வருஷமாக அவளுக்கு இந்த ஒரு வீடுதான்.

போன வாரம் மகள் அனன்யாவுக்கு வயிற்றில் பூச்சி என்றார் டாக்டர். காரணம் வேலைக்காரிதான் என்று கல்யாணராமனே முடிவு கட்டிவிட்டார். மகளுக்கும் வேலம்மாவுக்கும் மோஷன் டெஸ்ட் எடுத்தே தீருவது என்று ஒரே பிடிவாதம். ஃபிலிம் ரோல் டப்பாக்கள் இரண்டில் பேர் எழுதி ஒட்டித் தந்தாள் மனைவி பங்கஜம். மாட வீதி லேபுக்கு அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டிலும் பூச்சி!

"ஊர்ல பாதிப் பேர் வயித்துல இருக்குன்னு டாக்டரே சொன்னாரே," என்றாள் பங்கஜம், ரசம் விட்டபடி. "ஆத்துல எல்லாரும் ஒரு மாத்திரை போட்டுண்டா தீர்ந்தது."

"அந்தப் பாதியில நாம எப்படிடீ வருவோம்? இவ தேய்ச்ச தட்டுல சாப்பிட்டதாலதான் வந்தது!"

வேலம்மா பங்கஜத்தை ஒருமுறை பார்த்தாள். "சரி சார்," என்று செருப்பை மாட்டினாள்.

பங்கஜத்துக்குத் தாங்கவில்லை. கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

"ஏன்னா, அது அவ டப்பா இல்லை. என்னுது."

"என்னது!"

"ஒரு மாசமா எனக்கும் வயித்து வலி. லேப்ல இருக்கற ஸ்ரீரஞ்சனி என் பஜனை கோஷ்டி. என் பேரைப் பார்த்தா கோஷ்டி பூரா சிரிக்கும். அதான் வேலம்மாகிட்ட வாங்காம, என் டப்பாவுலயே அவ பேரை எழுதிட்டேன்."

கல்யாணராமன் கையிலிருந்த ரசம் சாதத்தைப் பார்த்தார். அதைச் சமைத்த கையைப் பார்த்தார். கவளம் பாதி வழியில் நின்றது.

"நீ டப்பாவே குடுக்கலைன்னு சொல்லியிருக்கலாமே, வேலம்மா?" என்றார்.

"சொன்னா அம்மாவையில்ல சார் கத்துவீங்க?"

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நாளைக்கு... வழக்கம்போல வந்துடும்மா."

"வர்றேன் சார். எனக்கும் ஒரு மாத்திரை வாங்கி வைங்க," என்றாள் வேலம்மா, செருப்பைக் கழற்றியபடி. "ஏழு வருசமா இந்த வூட்ல மீந்த சோத்தைத்தானே துண்ணுகினு கீறேன்!"