பத்தடி தூரம்

"சிட்டு, வாடா. பத்தடி நடந்தாப் போதும்டா."

சிட்டு அசையவில்லை. வெடிகளை வெடித்துப் பார்க்கும் பொட்டலில் வேன் இடித்துக் கிடந்த குட்டி நாயை, அங்கே வேலை பார்க்கும் சோலைமலைதான் வீட்டுக்குத் தூக்கி வந்தார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாகிறது. தினமும் நடக்க வைக்காவிட்டால் கால் சூம்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் மனைவி பாண்டிலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோற்றைக் காட்டினால் நொண்டிக்கொண்டு வருகிறது. தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"இதுவும் உங்கள மாதிரியே ஆயிருச்சு. என்னைக்கு என் பேச்ச மதிச்சீக?"

சோலைமலை திரும்பாமல் நாயின் சோற்றுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் நாயின் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். "எலும்பு நல்லாக் கூடிருச்சும்மா. வெடிச் சத்தத்துக்கு மிரளுதா?"

"நம்மூரு நாயி டாக்டர். வெடிக்கா மிரளும்?"

டாக்டர் நாய்க்குப் பின்னால் போய், இரும்புத் தட்டு ஒன்றைத் தரையில் போட்டார். பாண்டிலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாயின் காது அசையவில்லை.

"வெடிக்குப் பக்கத்துலயே கெடந்து காது போயிருச்சும்மா. இனிமே முன்னால நின்னு கையக் காட்டிக் கூப்பிடுங்க."

பாண்டிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். தட்டு விழுந்த இடத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர், ஒன்றுமே நடக்காதது போல நாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள். அவர் நிமிரவில்லை.

அவள் அவருக்கு முன்னால் போய் நின்று, கையை அசைத்து வரச் சொன்னாள். சோலைமலை உடனே நாயைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.