முடியாது என்று சொல்ல வேண்டிய நாள்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான வரிசையில் முன்னால் நின்றவள்தான் சகாயமேரிக்குச் சொல்லிக்கொடுத்தாள். "டாக்டர் எதக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுக்கா. ஊனத்தோட சதவீதம் கொறஞ்சா மாச உதவித்தொகை கெடைக்காது."

உள்ளே போனதும் சகாயமேரி அப்படியே சொன்னாள். மகள் தானாகச் சாப்பிடுவாளா? முடியாது சார். தலை வாருவாளா? முடியாது சார். செருப்பு மாட்டுவாளா?

"அதுவும் முடியாது சார்."

பத்தொன்பது வயது புனிதாவுக்குப் பேச்சு அதிகம் வராது. ஆனால் காது கேட்கும். அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, காலிலிருந்த செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டி, நடுங்கும் விரல்களால் வாரை வளையத்துக்குள் நுழைக்கத் தொடங்கினாள். இரண்டு முறை நழுவியது. வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை வார் உள்ளே போய்விட்டது.

"நானு," என்றாள் புனிதா.

சகாயமேரிக்கு முகம் எரிந்தது. "அவளுக்கு முடியும் சார். நாந்தான் பொய் சொல்லிட்டேன்."

"இதக் கத்துக்க எவ்வளவு நாளாச்சு?"

"நாலு வருசம் சார்."

"பொண்ண விட்டுட்டு நீங்க வேலைக்குப் போயிருக்கீங்களா?"

"ஒரு நாள்கூட இல்ல சார்."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்று டாக்டர் தாளை இழுத்தார். என்ன எழுதப்போகிறார் என்று சகாயமேரி எட்டிப் பார்க்கவில்லை. புனிதா இன்னொரு காலை நீட்டி அந்தச் செருப்பையும் கழற்றிக்கொண்டிருந்தாள். அவசரமாகத் தடுக்கப் போன தாயைப் பார்த்து டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"விடுங்கம்மா. போட்டு முடிக்கட்டும்."